புறம்போக்குக்கு இங்கே வேறு மரியாதை

ஓஸ்லோ, நார்வே
ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். நார்த்தங்காய் ஊறுகாய் இன்னும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

போன ஞாயிறு அலுவலகத் தோழி குடும்பத்தோடு காட்டுக்குப் போனேன். மெட்ரோ கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் நூர்மார்க்கா காடு. அதில் கணிசமான பகுதி தனியார் சொத்து. ஆனால் வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. சீப்புப் பல் வைத்த டப்பாவால் எல்லோரும் நீலப்பழம் வழித்துக்கொண்டிருந்தார்கள். எவராவது அதட்டுவார்களோ என்று நான் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

உழாத நிலத்துக்கு இவர்கள் மொழியில் 'உட்மார்க்' என்று பெயர். நம் புறம்போக்கு போல அதுவும் 'புற' நிலம்தான். ஆனால் அங்கே நடக்க, பழம் பறிக்க, வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட எவருக்கும் உரிமை உண்டு. பழைய வழக்கம், 1957-இல் சட்டமாக எழுதிவிட்டார்கள். நீங்கள் வி.ஏ.ஓ.வாக இருந்தபோது வரி வராத நிலத்துக்குப் பதிவேட்டில் எழுதிய சொல் நம் ஊரில் வசவாகிவிட்டது. மாடு மேய்ந்ததும் விறகு பொறுக்கியதும் எந்தக் கணக்கில் ஏறியது?

இன்னொரு வேடிக்கை. தோழிக்கு ஒரு கேள்வித்தாள் வந்திருந்தது: 'இந்தக் காட்டைக் காப்பாற்ற ஆண்டுக்கு எவ்வளவு கூடுதல் வரி கொடுப்பீர்கள்?' அவள் சுழியம் போட்டாள். இத்தனைக்கும் காடு இல்லாமல் ஒரு வாரம் தாங்கமாட்டாள். "ஏற்கெனவே என்னுடையதற்கு நான் ஏன் விலை சொல்ல வேண்டும்?" என்றாள். இப்படிப் போடுவதை எதிர்ப்புச் சுழியம் என்பார்களாம். பல ஆய்வுகளில் கணக்கெடுக்கும்போது ஒதுக்கிவிடுவார்களாம். காட்டை அதிகம் நேசிப்பவளின் பதிலே கணக்கில் வராது! 'இழப்பதற்கு எவ்வளவு கேட்பீர்கள்?' என்று கேட்டிருந்தால் பெருந்தொகை எழுதியிருப்பாள். இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வராது என்று பொருளாதாரக்காரர்களுக்கும் தெரியும். எதைக் கேட்பது என்று முடிவு செய்கிறவர் காட்டை யாருடையதாக நினைக்கிறாரோ, எல்லாம் அதைப் பொறுத்தது.

அதற்காக எல்லாமே இலவசம் என்று நினைக்காதீர்கள். சதுப்பில் விளையும் 'முல்ட்டே' என்ற மஞ்சள் பழத்துக்கு நல்ல விலை. வடக்கே மூன்று மாவட்டங்களில் அதைப் பறிக்கக் கூடாது என்று நிலக்காரர் தடுக்கலாம். அப்போதும் நின்ற இடத்திலேயே பறித்துத் தின்னலாம்; வீட்டுக்குத்தான் கொண்டுபோகக் கூடாது. வயிற்றுக்கு ஒரு சட்டம், வாளிக்கு ஒரு சட்டம்!

அப்புறம், ஏரிக்கரைப் புறம்போக்கில் பஞ்சாயத்து ஏதோ கட்டப்போவதாகத் தம்பி சொன்னானே, அது என்ன ஆயிற்று? விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்