முன்கண்ணாடியில் வேகம் காட்டும் கருவி: பூட்டுவதற்கு முன் ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வேகத்தை முன்கண்ணாடியிலேயே காட்டும் ஹெட் அப் டிஸ்பிளே பூட்டித் தருகிறோம். ஆனால் இறம்பொடை வளைவுகளில், பனிமூட்டத்தில் அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் போய்விடும். வேகமானியைக் குனிந்து பார்க்கும் அந்த ஒரு செக்கனை மிச்சம் பிடிக்கத்தான் இந்தக் கருவி. அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ரோட்டின் மேலேயே அம்புக்குறி விழுகிற ஓக்மென்டட் ரியாலிட்டி வகை சில புதிய கார்களில் கம்பனியிலிருந்தே வருகிறது. படம் ஏறக்குறைய 10 மீற்றர் தள்ளித் தெரிவதால் கண்ணுக்குச் சுகம். ஆனால் அது தெரியும் சட்டம் மிகச் சிறியது. அகலம் 10 பாகை அளவுதான். கொண்டை ஊசி வளைவில் நீங்கள் திரும்ப வேண்டிய ரோடு பக்கவாட்டில் இருக்கும், சட்டத்துக்குள் மண்மேடுதான் இருக்கும். பனி இறங்கினால், ரோட்டுக் கோட்டைப் பார்த்து வழி சொல்லும் கெமராவுக்கும் உங்களைப் போலவே ஒன்றும் தெரியாது. வளைவில் அம்பை விடுங்கள். ஹோர்ன் அடித்து, கியரைக் குறைத்து, ரோட்டைப் பாருங்கள்.

தனியாக வாங்கிப் பூட்டும் சிறிய கருவியில் இலக்கம் கண்ணாடிக்குச் சற்று அப்பால்தான் தெரியும். தூரத்து ரோட்டிலிருந்து கண் கிட்டத்துக்கு மாற வேண்டியிருப்பதால், வெள்ளெழுத்து உள்ளவர்களுக்குச் சிரமம். வேகம் மட்டும் தெரியும்படி வைத்து, மற்ற இலக்கங்களை அணைத்துவிடுவோம்.

பூட்டும் இடத்தில்தான் பலரும் தவறு விடுகிறார்கள். டெஷ்போர்ட்டின் முன்விளிம்பில், கண்ணாடியை ஒட்டி நீளமாக ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். கருவி அதை மறைத்தால் சூடான காற்று கண்ணாடிக்கு ஏறாது. நுவரெலியாக் குளிரில், சாரதி பார்க்கும் அதே இடத்தில் ஆவி படியும். துவாரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் வைப்போம்.

இலக்கம் இரட்டையாகத் தெரிவது பழுதல்ல. கண்ணாடியின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியே பிரதிபலிக்கின்றன. உட்புறம் ஒரு சிறு படலம் ஒட்டினால் குறையும். கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியை நீங்கள் கண்ணுக்குப் போட்டிருந்தால் இலக்கம் மங்கும், சிலவேளை மறைந்தே போகும்.

ஹைபிரிட் வாகனத்தில் எஞ்சின் தானாக நிற்கும்போது சில கருவிகள் வாகனமே நின்றதாக எண்ணி அணைந்துவிடும். அதை எஞ்சின் சுற்றை விட்டு பெற்றரி வோல்ற்றைப் பார்க்கும்படி மாற்ற வேண்டும். கருவியின் வயரைச் செருகும் ஓபிடி துவாரத்துக்கு (வாகனக் கணினியைப் பரிசோதிக்கும் இணைப்பு) சாவி எடுத்த பிறகும் மின்சாரம் வரும். வாகனத்தை ஒரு கிழமை நிறுத்துவதானால் வயரைக் கழற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் பெற்றரி இறங்கலாம்.

பூட்ட வருகிறவர்கள் மாலை ஐந்தரைக்குப் பிறகு வாருங்கள். இருட்டில்தான் வெளிச்சத்தின் அளவைச் சரியாகக் குறைக்க முடியும். பனியில் வெளிச்சம் கூடிய இலக்கம் எதிரில் வருகிறவரையே மறைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாகன மின்சாதனக் கடையினர்,
ஹட்டன்