யூமாவிலிருந்து சித்தப்பாவுக்கு: டேங்க் விவகாரம்

அன்புள்ள சித்தப்பா,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்கள், சித்தி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே. போனில் எல்லாரும் சேர்ந்து சிரித்ததில் நீங்கள் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. "வீட்டையே வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிறீர்களே, கக்கூஸுக்கு என்னடா பண்ணுவீர்கள்?" என்றீர்கள். சித்தி கூட, சாப்பிடுகிற நேரத்தில் இதைப் போய்க் கேட்கிறீர்களே என்று சத்தம் போட்டார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் வடிகால் வாரியத்தில் பைப்போடும் மேன்ஹோலோடும் கிடந்த உங்களுக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? அதனால் விவரமாகவே எழுதுகிறேன். சித்தி இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம்.

முதலில் ஏன் இந்த வண்டி வாழ்க்கை என்று. உங்கள் மருமகள் டிராவல் நர்ஸ் ஆனதிலிருந்து ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் 13 வாரம்தான். ஊருக்கு ஊர் வாடகை வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, கட்டில் மேஜை வாங்கி, மூன்று மாதத்தில் அதையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்புவது அலுத்துவிட்டது. எனக்கு லேப்டாப்பும் சிக்னலும் இருந்தால் போதும். அதனால் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கிவிட்டோம். இப்படி வீடாகவே இருக்கிற வண்டிகள் எல்லாவற்றையும் இங்கே பொதுவாக ஆர்வி என்பார்கள். இப்போது இருப்பது அரிசோனா மாநிலத்தில் யூமா என்கிற ஊர். கொலராடோ ஆற்றங்கரை, சுற்றிலும் பாலைவனம், நடுவில் ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து பச்சைப்பசேலென்று லெட்யூஸ் வயல்கள். குளிர்காலத்தில் அமெரிக்கா சாப்பிடுகிற கீரை வகைகளில் பெரும்பங்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது. அதே குளிர்காலத்தில் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் ஆர்வியோடு வந்து இறங்கிவிடுவார்கள், ஊர் ஜனத்தொகையே ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வயசானவர்கள் கூட்டம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டும், அதுதான் நாங்கள் இங்கே இருக்கிற கதை.

சரி, டேங்க். டிரெய்லருக்கு அடியில் மூன்று டேங்க். ஒன்று நல்ல தண்ணீர். இரண்டாவது குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போவது, இதற்கு கிரே டேங்க் என்று பெயர். மூன்றாவது பிளாக் டேங்க், கக்கூஸுக்கு நேர் கீழே. எங்களுடையது 40 கேலன், ஏறத்தாழ 150 லிட்டர், பிளாஸ்டிக். கக்கூஸில் நம் வீட்டு மாதிரி வளைவில் தண்ணீர் நிற்பதெல்லாம் இல்லை. காலால் பெடலை மிதித்தால் அடியில் இருக்கிற உருண்டை திரும்பி ஓட்டை திறக்கும், எல்லாம் நேராகத் தொப்பென்று டேங்குக்குள். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். டேங்கின் அடியிலிருந்து மூன்று அங்குலக் குழாய் வண்டியின் பக்கவாட்டுக்கு வருகிறது, அதில் கையால் இழுக்கிற கத்தி வால்வு. நிறைந்ததும் மடக்கு ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தரையில் இருக்கிற கழிவுநீர்க் குழாயில் சொருகி, வால்வை இழுத்தால் போய்விடும். போய்விட வேண்டும். அங்கேதான் கதையே.

நாங்கள் வாங்கியபோதே அந்த டேங்க் அடைத்துத்தான் இருந்தது. விற்றவர் வண்டியை, ஆர்விகளை வரிசையாக நிறுத்திக் குடியிருக்கிற பார்க் ஒன்றில் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நிறுத்தி, ஹோஸை நிரந்தரமாக மாட்டி, வால்வையும் திறந்தே விட்டிருந்தார். வீட்டுக் கக்கூஸ் மாதிரி தானாகப் போய்க்கொண்டே இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் ஓடிப்போகும், கெட்டியானது நின்றுவிடும், அதன்மேல் டிஷ்யூ பேப்பர், அதன்மேல் மறுபடி. டார்ச்சை அடித்து கக்கூஸ் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒரு ஜாண் கீழே கூம்பாக ஒரு குன்று, உச்சி காய்ந்து வெடித்திருந்தது, பேப்பர் அடுக்கடுக்காக வரி வரியாகத் தெரிந்தது. இங்கே இதற்கு பிரமிடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குப் பொதுவான நோய்.

பார்க்கில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு பெரியவர், இரண்டு மூட்டை ஐஸ் கட்டியைக் கொட்டி வண்டியை ஓட்டு, ஐஸ் குலுங்கித் தேய்த்துவிடும் என்றார். ஐஸ் தண்ணீரில் மிதக்கும், அடியில் ஒட்டிக்கிடப்பதை அது எங்கே போய்த் தேய்ப்பது, கொஞ்ச நேரத்தில் உருகியும்விடும். சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இன்னொருவர் பிளீச்சை ஊற்றச் சொன்னார். அது வேடிக்கை இல்லை, ஆபத்து. சிறுநீரில் அமோனியா உண்டாகும், பிளீச்சும் அதுவும் சேர்ந்தால் குளோரமின் வாயு, ஒரு ஆள் நிற்க முடியாத அந்தக் குட்டிக் கக்கூஸுக்குள் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வால்வின் ரப்பருக்கும் அது ஆகாது.

நான் செய்தது பொறுமையான வேலை. வால்வை மூடிவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் (கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக்கும் ரப்பர் சீலும் கெடும்), அதோடு பாத்திரம் கழுவும் சோப்பு, என்சைம் மருந்து, எல்லாம் சேர்த்து டேங்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி ஊறவிட்டேன். ஊறுவதுதான் முக்கியம், ஒரு ராத்திரியில் நடக்காது, இரண்டு மூன்று நாள் விடவேண்டும். அதுவரை பார்க்கின் பொதுக் கழிவறைக்கு நடைதான், உங்கள் மருமகள் நைட் டியூட்டி முடித்து வந்து முறைத்த முறைப்பை விடுங்கள். அப்புறம் கக்கூஸ் வழியாக உள்ளே விடுகிற வளையும் குழாய் ஒன்று கடையில் கிடைக்கிறது, நுனியில் சுழலுகிற நாசில். அதைக் குன்றின் உச்சியில் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் மெதுவாகக் கரைந்து இடிகிறது. பக்கவாட்டிலும் சுற்றி அடிக்கவேண்டும், மூலைகளில்தான் பிடிவாதம். டேங்கில் தண்ணீரோடு வண்டியைக் கரடுமுரடான பாலைவன மண்பாதையில் ஒரு சுற்று இழுத்தும் போனேன், இந்த அலசல் நிஜமாகவே வேலை செய்கிறது. திறந்துவிடு, மறுபடி நிரப்பு, ஊறவிடு, பீய்ச்சு. ஹோஸ் மாட்டுகிற இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு முழங்கைக் குழாய் வைத்திருக்கிறேன், என்ன போகிறது என்று அதில் தெரியும். முதலில் கறுப்பு, அப்புறம் அரைத்த பேப்பர் கூழ், அப்புறம் திடீரென்று வால்வு வாயில் எதுவோ அடைத்து நின்று, ஒரு குலுக்கலில் கொடகொடவென்று ஒரு பெரிய துண்டு. நிறம் வெளுத்துத் தண்ணீர் தண்ணீராகப் போனபோது பக்கத்து வண்டிக்காரர் கை தட்டினார், கேலி இல்லை, உண்மையான பாராட்டு. இதற்கும் மசியவில்லை என்றால் அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கிற ஹைட்ரோ ஜெட்டிங் ஆட்களைக் கூப்பிடவேண்டும். உங்கள் வாரியத்து ஜெட்டிங் லாரியின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி சேராமல் இருக்க என்ன செய்கிறோம் என்பதில்தான் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். எல்லாமே தண்ணீர்தான் சித்தப்பா. பாதாளச் சாக்கடைக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் கசடு தங்காது, செல்ஃப் கிளென்சிங் வெலாசிட்டி என்று நீங்கள் சாப்பாட்டுத் தட்டில் ரசத்தை ஓடவிட்டு எனக்குக் காட்டியது நினைவிருக்கிறதா? இங்கேயும் அதே கணக்கு. சாதாரண அமெரிக்க வீட்டுக் கக்கூஸில் ஒரு தடவைக்கு 6 லிட்டர் வரை போகும். வண்டிக் கக்கூஸில் அரை லிட்டரில் முடித்துக்கொள்ளலாம், புதிதாக வருகிறவர்கள் டேங்க் சீக்கிரம் நிறைந்துவிடுமே என்று இதிலும் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் பிரமிடாகத்தான் திரும்பி வரும். நாங்கள் டேங்கைக் காலி செய்ததும் முதலில் பத்துப் பன்னிரண்டு லிட்டராவது உள்ளே விடுகிறோம், அடிப்பக்கம் முழுக்க மூடுகிற அளவுக்கு. வால்வு எப்போதும் மூடியே இருக்கும், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தால்தான் திறப்பது, அப்போதுதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற விசை கிடைக்கும். பிளாக் முதலில், கிரே பிறகு, சோப்புத் தண்ணீர் ஹோஸை அலசிவிடும்.

இதில் நம் பழக்கம் கை கொடுக்கிறது. கக்கூஸ் பக்கத்தில் ஹேண்ட் ஸ்ப்ரே மாட்டிவிட்டேன். பேப்பர் அநேகமாக இல்லை, தண்ணீரோ தாராளம், டேங்குக்கு இதைவிட நல்லது கிடையாது. விருந்தாளிகளுக்காக ஒரு உருளை வைத்திருக்கிறோம், அதுவும் எளிதில் கரைகிற ரகம், ஒரு பாட்டிலில் தண்ணீரும் நாலு துண்டும் போட்டுக் குலுக்கினால் கூழாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஈரத் துடைப்பான் மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே போகக்கூடாது, உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மருந்து என்று பார்த்தால் பாக்டீரியா, என்சைம் வகைதான் போடுகிறேன். ஃபார்மால்டிஹைடு போட்ட பழைய நீல மருந்து நாற்றத்தை அடக்கும், ஆனால் கழிவைத் தின்கிற கிருமிகளையும் கொன்றுவிடும், கலிபோர்னியாவில் அதை விற்கவே தடை. மருந்தை நம்பித் தண்ணீரைக் குறைப்பதுதான் இங்கே நிறையப் பேர் செய்வது. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றலாம்.

சுவரில் ஒரு பலகை இருக்கிறது, டேங்க் எவ்வளவு நிறைந்தது என்று விளக்கு எரியும். டேங்கின் பக்கத்தில் உலோக முளைகள், தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாயும், அவ்வளவுதான். அதில் ஒரு பேப்பர் துணுக்கு ஒட்டினால் காலி டேங்கும் "ஃபுல்" என்று பொய் சொல்லும். எங்களுடையது அந்தப் பழைய குன்று போன பிறகும் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, நான் டார்ச்சைத்தான் நம்புகிறேன். இன்னொன்று, கூரையில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது பெடலை மிதித்தால் டேங்கின் காற்று அப்படியே மேலே இழுபட்டு முகத்தில் அடிக்கும். ஃபேனை நிறுத்து, மிதி, மூடு, பிறகு ஃபேன். இந்த வரிசையை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள் உங்கள் மருமகள்.

ஒரு விஷயம் உங்களிடம் மட்டும். இங்கே பஸ் அளவு வண்டிகள் வருகின்றன, ஒவ்வொன்றும் நம் ஊரில் பங்களா கட்டுகிற விலை. அதன் சொந்தக்காரர், வெள்ளைத் தலை, இடுப்பில் பெல்ட், கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்து தன் ஹோஸைத் தானே மாட்டுகிறார், அலசுகிறார், சுருட்டி வைக்கிறார். டேங்கைக் காலி செய்கிற பொது இடமான டம்ப் ஸ்டேஷனில் வரிசையில் நிற்கும்போது வானிலை பேசுவார்கள். நம் ஊரில் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் வந்தும், செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்தவர்கள் செய்தி நிற்கவில்லை. அப்படி இறங்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நீங்கள்தான் எனக்கு முதலில் சொன்னீர்கள். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. உள்ளே மனுஷன் போகவே தேவையில்லாதபடி டேங்கையும் வால்வையும் குழாயையும் செய்து வைத்திருக்கிறார்கள், அதனால் யார் செய்வது என்கிற கேள்வியே எழவில்லை. வரிசையில் நிற்கும்போதெல்லாம் இது எனக்குத் தோன்றும்.

எங்களுக்கு இப்போது தொந்தரவு பிளாக் டேங்க் இல்லை, கிரே டேங்க்தான். சோறு வடித்த கஞ்சி, குழம்பு எண்ணெய், கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, தோசை மாவு கரைத்த தண்ணீர், இதெல்லாம் வெள்ளைக்காரர் டேங்குக்குப் பழக்கமில்லை. சிங்கில் மெல்லிய சல்லடை போட்டிருக்கிறோம், வாணலியைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம், கஞ்சியைத் தனியாக எடுத்துவிடுகிறோம். ஆனாலும் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிறது, வெயில் ஏறினால் புளித்த வாடை. சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து ஊறவிடலாமா என்று யோசிக்கிறேன். ரப்பர் வாஷருக்கு அது ஆகுமா, எவ்வளவு போடலாம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். அடுத்த ஒப்பந்தம் வடக்கே, வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்கிற குளிர் ஊர், அங்கே வால்வு உறையாமல் பார்க்கவேண்டும், அது தனிக் கதை. அதற்குள் இந்தப் பிசுக்கை முடித்துவிட வேண்டும்.

பதிலை வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்புங்கள் சித்தப்பா, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். போன தடவை பார்க் ஆபீசில் நின்றுகொண்டிருக்கும்போது அழுத்திவிட்டேன், நீங்கள் அடைப்பைப் பற்றி உரக்க விளக்கியதை வரிசையே கேட்டது. நல்லவேளை தமிழ்.

சித்தியின் முழங்கால் வலிக்கு மருமகள் தனியாக எழுதுகிறாள்.

அன்புடன்,
உங்கள் மூத்தவன்