செல்விக்கு, போனைத் தொடுவதற்கு முன்

அன்புள்ள செல்விக்கு,

போனில் இருந்த படங்களை அழித்துவிட்டேன் என்று நேற்று ராத்திரி நீ அழுத நிலையில் நான் சொன்னது எதுவும் மனதில் நின்றிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். மெயிலில் அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளையின் லேப்டாப்பில் வைத்துப் படி. உன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஓரமாக வை. உன் பிள்ளை என்ன சேட்டை செய்தாலும் அதில் படம் எடுக்காதே. வாட்ஸ்அப்பில் தானாக இறங்கும் குட்மார்னிங் படம்கூட இப்போது அதில் விழக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் லேப்டாப்பில் கூகுள் போட்டோஸைத் திறந்து ட்ராஷை, அதாவது அழித்தவை கிடக்கும் குப்பைக் கூடையைப் பார். பேக்கப் ஆன, அதாவது கூகுளில் நகல் ஏறிவிட்ட படங்கள் அழித்த நாளிலிருந்து 60 நாள் அங்கே கிடக்கும். பேக்கப் ஆகாமல் அழித்தவை போனில் உள்ள ட்ராஷில்தான் இருக்கும், அதுவும் 30 நாள்தான். சாம்சங் கேலரிக்குத் தனியாக ஒரு ட்ராஷ் உண்டு, அதற்கும் 30 நாள். நீ அழித்து மூன்று வாரம் ஆகிறது என்றாய். அதனால் இன்றைக்கே பார்த்துவிடு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதே. படங்களை ஒதுக்கி வைக்கிற ஆர்க்கைவிலும் ஒரு தடவை பார். அங்கே போன படங்கள் முதல் பக்கத்தில் தெரியாது, அழிந்த மாதிரியே இருக்கும்.

“போனிலிருந்துதானே அழித்தேன், கூகுளில் இருக்கும்ல” என்று கேட்டாய். நம் ஸ்டுடியோ கடைக்கு வருகிற பலரும் இதையேதான் கேட்கிறார்கள். பேக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸுக்குள் போய் அழித்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அது கூகுளில் ஏறிவிட்ட படங்களை மட்டும் போனிலிருந்து எடுக்கும். நீ எதை அழுத்தினாய் என்று நினைவுபடுத்திப் பார். இரண்டாவது என்றால் ஒன்றும் போகவில்லை.

காதுகுத்துப் படங்கள் மெமரி கார்டில் விழுந்தவை என்று மாப்பிள்ளை சொன்னார். அது நல்ல சேதி. கல்யாண வீட்டுக் கார்டைத் தெரியாமல் ஃபார்மட் அடித்துவிட்டு ஸ்டுடியோ வாசலில் வந்து நின்ற பையன்களை நீயே பார்த்திருக்கிறாய். அநேகமாகப் படத்தோடுதான் திரும்பிப் போவார்கள். ஒரு படத்தை அழிக்கும்போது கார்டு அதைத் துடைத்துவிடுவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வாசலில் ‘வீடு வாடகைக்கு’ என்று போர்டு மாட்டிய பிறகும் பழைய சாமான் உள்ளேயே கிடக்கிற மாதிரி. புதுக் குடித்தனம் வந்தால்தான் அது வெளியே போகும். போனில் எதுவும் புதிதாக விழக் கூடாது என்றதும் இதற்குத்தான்.

போனை ஆஃப் செய்து கார்டைக் கழற்று. கார்டு ரீடரில் போட்டு லேப்டாப்பில் சொருகச் சொல். ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடவும். போட்டோரெக் என்ற மென்பொருள் இலவசம், நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அது கார்டில் எதையும் எழுதாது, படித்து மட்டும் எடுக்கும். எடுப்பதை லேப்டாப்பில்தான் சேமிக்க வேண்டும், திரும்ப அந்தக் கார்டிலேயே போடக் கூடாது. பழைய பெயர்கள் வராது. எஃப் என்ற எழுத்தும் நீளமாக எண்களும்தான் பெயராக வரும். வீடியோ சில நேரம் துண்டு துண்டாகக் கார்டில் கிடப்பதால் ஓடாமல் போகலாம். ஆனால் படங்கள் பெரும்பாலும் தேறும்.

போனுக்குள்ளேயே இருந்து அழிந்தவை வேறு கதை. ஆண்ட்ராய்டு 10 முதல் வருகிற போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியே வைக்கப்படுகிறது. அழித்த ஃபைலின் இடத்தையும் போனே சீக்கிரம் துடைத்துவிடும். ட்ராஷிலும் இல்லையென்றால் எந்தக் கடையாலும் எடுக்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்கிற ஆப் எதையும் போடாதே. பெரும்பாலும் கேலரி தனக்காக வைத்திருக்கும் தம்மாத்துண்டு நகல்களைக் காட்டிப் பணம் கேட்கும். பிள்ளையின் படமெல்லாம் யார் கைக்குப் போகும் என்றும் தெரியாது. போனை மொத்தமாகத் துடைத்துவிடும் ஃபேக்டரி ரீசெட் பக்கமே போகாதே.

இனி வாட்ஸ்அப். நீ எங்களுக்கு அனுப்பிய படங்களின் நகல் உன் போனில் ‘சென்ட்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். கேலரியில் வராது. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப் என்று வரிசையாக உள்ளே போக வேண்டும். அது சுருங்கிய நகல்தான், எடுத்த தேதியும் அதில் நிற்காது. ஆனால் ஃபைல் பெயரிலேயே அனுப்பிய தேதி இருக்கும், அதை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். சித்தியிடமும் அத்தையிடமும் கேட்டிருக்கிறேன். நீ அனுப்பியது எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஆச்சி குரலைப் பற்றித்தான் நீ அதிகம் அழுதாய். அவள் உனக்குப் பேசி அனுப்பியதெல்லாம் என் போனிலிருந்துதான். அனுப்பிய வாய்ஸ் நோட்டும் ‘வாய்ஸ் நோட்ஸ்’ ஃபோல்டரில் வாரவாரமாகப் பிரிந்து கிடக்கும். நேற்று நீ போனை வைத்ததும் உட்கார்ந்து தேடினேன். இருக்கிறது செல்வி. “ஏட்டி, பிள்ளைக்கு எண்ணெய் தேச்சியா” என்று கேட்பதுகூட இருக்கிறது. எல்லாவற்றையும் கடை கம்ப்யூட்டரிலும் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் ஏற்றிவிட்டேன். உனக்கு ஒரு பென்டிரைவில் தனியாக வரும்.

கூகுளை மட்டும் நம்பியிருக்காதே. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுகிற படமெல்லாம் அந்த 15 ஜிபி கணக்கில்தான் சேரும். மெயிலும் டிரைவும் அதே கணக்கில்தான். நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கு, ஒன்று உன்னிடம், ஒன்று இங்கே. தீபாவளிக்கு வரும்போது உன்னுடையதைக் கொண்டு வந்தால் இரண்டையும் நானே சரி பார்த்துத் தருகிறேன்.

மாப்பிள்ளையிடம் கார்டு ரீடர் இருக்கிறதா என்று கேள். இருந்தால் ராத்திரி கடை அடைத்ததும் அவர் போனிலிருந்து வீடியோ கால் போடுங்கள், கூடவே இருந்து செய்யலாம். இல்லையென்றால் கார்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு பீரோவில் வை. நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா