சார்ஜென்ட்டின் நீர்வண்ணங்களுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘மேடம் எக்ஸ்’ என்ற உருவப்படத்தில் பெண்ணின் தோளிலிருந்து நழுவிய உடைப் பட்டி, 1884இல் பாரிஸில் அதற்கு எழுந்த கூச்சல், அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது எல்லாம் சுவையாக வந்திருக்கின்றன. அவருடைய நீர்வண்ண (வாட்டர் கலர்) ஓவியங்களுக்கு மட்டும் கடைசியில் ஒரே வரி. அதுவும் ‘ஓய்வு நேரத்தில் வரைந்தவை’ என்று! பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் எனக்கு மனது கேட்கவில்லை.

சுமார் 2,000 நீர்வண்ணங்கள் தீட்டிய மனிதர் அவர். அவருடைய அம்மாவும் வாட்டர் கலரில் வரைந்தவர். சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. 1907இல், 51 வயதில், பணமும் பெயரும் குவிந்துகொண்டிருக்கும்போதே சீமான்களின் உருவப்பட வேலையை ஏறக்குறைய விட்டுவிட்டார். அப்புறம் ஆல்ப்ஸ் கணவாய்கள், இத்தாலியின் கர்ராரா சலவைக்கல் குவாரிகள், வெனிஸில் படகில் உட்கார்ந்தபடியே தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்த மாளிகைகள் என்று மனம் போன இடமெல்லாம் போய்த் தீட்டினார். 1909இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் ஒரே வீச்சில் 83 நீர்வண்ணங்களை 20,000 டாலருக்கு வாங்கியது. தனித்தனியாகப் பிரித்து விற்க அவர் சம்மதிக்கவில்லை. பொழுதுபோக்குக்கு வரைந்தவர் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பாரா?

1917இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லரை வரைய ஃபுளோரிடா போனவர், அந்தப் பயணத்திலேயே சேற்றில் கிடந்த முதலைகளையும் தீட்டினார். அந்த முதலைப் படத்தின் பிரதி ஒன்றை வகுப்பில் காட்டினேன். சேறும் தோலும் கிட்டத்தட்ட ஒரே நிறம். முதுகில் விழும் வெயில்தான் முதலையைப் பிரித்துக் காட்டுகிறது. “சார், இந்த வெள்ளை அவர் அடிச்சதா, விட்டதா?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. வெள்ளை வேண்டுமென்றால் தாளை அப்படியே விட்டுவிடு என்பதுதான் நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடம். சார்ஜென்ட்டும் விட்டார். ஆனால் தேவைப்பட்டால் மெழுகைத் தேய்த்து வண்ணம் ஒட்டாமல் தடுத்தார், கெட்டியான வெள்ளை வண்ணத்தை மேலே வைத்தார், காய்ந்ததைச் சுரண்டியும் எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்த ஒரு முதுகிலேயே முழுப் பாடவேளையும் போய்விட்டது.

அடுத்த இதழிலாவது அவருடைய நீர்வண்ணங்கள் இரண்டை முழுப் பக்கத்தில், கலரில் போடுங்கள். வெட்டியெடுத்து வகுப்புச் சுவரில் ஒட்ட இப்போதே இடம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் பிள்ளைகள்.

- ஓர் ஓவிய ஆசிரியர், கும்பகோணம்