வாத்தியார் ஓய்வு பெறும் முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. இத்தனை நாள் கடிதம் போடாததற்கு நீ கோபித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் இதைப் படித்து முடிக்கும் வரை அந்தக் கோபத்தைத் தள்ளி வை. சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்றும், கேட்டே ஆக வேண்டிய உதவி ஒன்றும் இருக்கின்றன.

நாம் வாத்தியார் என்று அழைக்கும் நம் மூத்தவர் வருகிற மார்ச் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். "டிரேஸ் (நிரல் ஓடியதன் பதிவு) எங்கே?" என்று கேட்காமல் எவருடைய சந்தேகத்துக்கும் வாய் திறக்காத அந்த மனிதர் போன பிறகு, பயனர் கணக்குகளைப் பல அமைப்புகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐடென்டிட்டி மேனேஜரின் டிரைவர்களில் (ஒவ்வோர் அமைப்பையும் அதனோடு இணைக்கும் பகுதிகளில்) எந்தச் சொல் என்ன செய்யும் என்று யாரிடம் போய்க் கேட்பது என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் நான் இப்போது செய்து முடித்திருக்கும் தேடுகருவி. டிரைவர்களின் விதிகளான பாலிசிகளை எழுதும் மொழி டிர்எக்ஸ்எம்எல் ஸ்கிரிப்ட்; அதன் எல்லா நிபந்தனைகளையும் செயல்களையும், மதிப்புகளை எடுத்துத் தரும் டோக்கன்களையும் அது ஒரே இடத்தில் காட்டும்; இணைய இணைப்பு இல்லாத சர்வர் அறையிலும் வேலை செய்யும்.

"ஆவணம்தான் இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு?" என்று நீ கேட்பாய்; நீ எதையும் முதலில் மறுத்துவிட்டுத்தான் பிறகு ஏற்றுக்கொள்வாய். ஆவணம் இருக்கிறது, நன்றாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது எத்தனை வீடு மாறியது என்று எண்ணிப் பார். நோவெல் நிறுவனத்தை 2011-இல் அட்டாச்மேட் வாங்கியது, நாம் பயன்படுத்தும் மென்பொருள் நெட்ஐக்யூ பெயருக்குப் போனது, 2014-இல் மைக்ரோ ஃபோக்கஸ் வந்தது, 2023 ஜனவரியில் எல்லாமே ஓப்பன்டெக்ஸ்ட் கைக்குச் சென்றது. நம் பழைய குறிப்புகளில் நாம் குறித்து வைத்த முகவரிகளில் பல இன்று எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. நாம் எழுதிய டிரைவர்களோ அன்று போலவே இன்றும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடுகிற நிரல் ஒரு பக்கமும் அதன் விளக்கம் வேறு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது பெயர்களில். பாலிசிகளைத் திரையில் அமைக்க உதவும் டிசைனரின் பாலிசி பில்டரில் "ஆபரேஷன் அட்ரிப்யூட்" என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே பொருள், எக்ஸ்எம்எல்லில் "டோக்கன்-ஆப்-ஆட்டர்" என்று நிற்கிறது; டிரேஸிலும் அந்த இரண்டாவது பெயர்தான் வருகிறது. எனவே என் கருவி இரண்டு பெயர்களையும் ஏற்கும். டிரேஸிலிருந்து ஒரு வரியை அப்படியே ஒட்டினாலும், அதில் உள்ள நிபந்தனையையும் செயலையும் தானாகப் பிரித்தெடுத்து உரிய பக்கத்தைத் திறக்கும். வாத்தியாருக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் நான் அதிகம் உழைத்தது வேறோர் இடத்தில். "இஃப்-ஆட்டர்", "இஃப்-ஆப்-ஆட்டர்" என்ற இரண்டு நிபந்தனைகளையும் உனக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதப்பட்ட பாலிசிகள் எத்தனை என்று பார்த்தால் மனம் பதறுகிறது. இரண்டாவது, இப்போது வந்திருக்கும் நிகழ்வில் உள்ள மதிப்பை மட்டுமே பார்க்கும். முதலாவது, நிகழ்வில் இல்லாவிட்டால் மூலத் தரவுக் களஞ்சியத்தையும் போய்ப் பார்க்கும். ஒருவர் நிதிப் பிரிவுக்கு மாறும்போது மேலாளருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்று வைத்துக்கொள். "பிரிவு நிதிக்குச் சமம்" என்று இஃப்-ஆட்டரில் எழுதினால், ஏற்கெனவே நிதிப் பிரிவில் இருக்கும் ஒருவர் தொலைபேசி எண்ணை மாற்றினாலும் நிபந்தனை உண்மையாகிவிடும், மின்னஞ்சலும் போய்விடும். இஃப்-ஆப்-ஆட்டரில் "சேஞ்சிங்-டூ" (இந்த மதிப்புக்கு மாறுகிறது) என்று எழுதினால் மாறும் அந்தத் தருணத்தில் மட்டும் போகும். ஆவணத்தில் இந்த இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கின்றன. என் கருவியில் ஒன்றைத் திறந்தால் மற்றதும் பக்கத்திலேயே நிற்கும்.

மூலம், இலக்கு என்பவையும் அப்படித்தான். தரவு வெளியே போகும் சப்ஸ்கிரைபர் சேனலில் மூலம் என்றால் ஈடைரக்டரி, அதாவது ஐடென்டிட்டி மேனேஜரின் மையத் தரவுக் களஞ்சியம். தரவு உள்ளே வரும் பப்ளிஷர் சேனலில் அதே சொல் இணைக்கப்பட்ட வெளி அமைப்பைக் குறிக்கும். சப்ஸ்கிரைபரில் நன்றாக ஓடிய, மூலத்திலிருந்து மதிப்பை எடுக்கும் "டோக்கன்-எஸ்ஆர்சி-ஆட்டர்" உள்ள விதியை மனிதவள அமைப்பின் பப்ளிஷர் சேனலுக்கு நகலெடுத்தால், அது ஒவ்வொரு நிகழ்வுக்கும் மனிதவளத் தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பும். அந்தத் தளம் மெதுவானதாக இருந்துவிட்டால் வரிசை நீண்டுகொண்டே போகும், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது. ஆகவே எந்தச் சேனலுக்காகத் தேடுகிறீர்கள் என்று கருவி முதலிலேயே கேட்கும். பதில் சொல்லாமல் தாண்டிப் போக நான் வழி வைக்கவில்லை. இது தொல்லை என்று நம் தம்பி முணுமுணுக்கிறான், முணுமுணுக்கட்டும்.

இதை நான் ஏன் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன். ஓர் இடத்தில் ஒப்பந்தப் பணியாளர்கள் வேலையை விட்டுப் போன பிறகும் அவர்களில் சிலரின் கணக்குகள் பல வாரங்கள் திறந்தே கிடந்தன. பாலிசியைப் பார்த்தோம். ரீஜெக்ஸ் (எழுத்துக் கோலத்தோடு பொருத்திப் பார்க்கும்) முறையில் "கான்ட்ராக்ட்" என்று ஒப்பிட்டிருந்தார்கள். மனிதவளத்திலிருந்து வந்த மதிப்போ "கான்ட்ராக்ட் நைட்". நிபந்தனைகளில் ரீஜெக்ஸ் முழுச் சரத்தோடும் பொருந்த வேண்டும், நடுவில் ஒரு பகுதி பொருந்தினால் போதாது. ஆவணத்தில் ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும் இந்த விவரம் தெரியாததால், வேலையில் இல்லாத மனிதர்களால் உள்ளே நுழைய முடிகிற நிலை இருந்தது. யாரும் நுழையவில்லை என்பது நல்லூழ். இத்தகைய வாக்கியங்களைத் தேடித் தேடி எடுத்து, அந்தந்தப் பக்கத்தின் தலையிலேயே வைத்திருக்கிறேன்.

டிரைவரின் ஏற்றுமதிக் கோப்பைக் கொடுத்தால், ஒரு டோக்கனோ உலகளாவிய அமைப்பு மதிப்போ ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்ட் வகை) செயற்கூறோ எந்தெந்தப் பாலிசியில் வருகிறது என்றும் காட்டும். சுருள் கோடுகளுக்குள் (~) வரும் அமைப்பு மதிப்புகளின் பெயர்களையும், எக்ஸ்எம்எல்லில் தரவைத் தேடும் எக்ஸ்பாத் வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் "ஈஎஸ்" என்ற ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் அழைப்புகளையும் பிடிப்பதுதான் கடினமாக இருந்தது. இப்போது பிடிக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. இளையவர்கள் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கேட்கிறார்கள். அவை சில வேளை இல்லாத டோக்கனை இருப்பதாகச் சொல்லி, கேட்பவர் மயங்கும்படி உதாரணமும் தருகின்றன. கேட்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வரும் விடையை என் கருவியில் ஒட்டினால், அந்த மொழியில் எந்தப் பெயர்கள் செல்லும் என்று வரையறுக்கும் டிடிடியில் இல்லாத பெயரைச் சிவப்பில் காட்டிவிடும். அந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் டிரைவரில் ஏற்றக் கூடாது என்று எங்கள் குழுவில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இனி வேண்டுகோள். ஐடென்டிட்டி மேனேஜர் 3.5, 3.6 பதிப்புகளின் காலத்தில் நீ நீலநிற அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதிய குறிப்புகள் இன்னும் உன்னிடம் இருக்கும் என்று நம்புகிறேன். எதையும் தூக்கிப்போடாத உன் குணத்தை இந்த ஒரு முறை மனமாரப் பாராட்டுகிறேன். அதில் டிரைவர் எல்லை கொண்ட லோக்கல் வேரியபிள்களைப் (டிரைவர் முழுவதும் செல்லும் மாறிகளைப்) பற்றியும் மேப்பிங் டேபிள்களைப் (ஒரு மதிப்பை இன்னொன்றாக மாற்றும் அட்டவணைகளைப்) பற்றியும் நீ எழுதியவை எனக்கு வேண்டும். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். முடிந்தால் உன் பழைய டிரைவர் ஒன்றின் ஏற்றுமதியையும், வாடிக்கையாளர் பெயரும் சர்வர் முகவரிகளும் நீக்கப்பட்ட நிலையில், சேர்த்து அனுப்பு. பாலிசிகளைத் தொகுப்புகளாக நிறுவும் பேக்கேஜ் முறை வருவதற்கு முன் எழுதப்பட்டதாக இருந்தால் மிக நல்லது. கருவியை நான் அதில் இன்னும் சோதிக்கவில்லை.

பிப்ரவரிக்குள் வந்துவிட்டால், வாத்தியாரை அருகில் உட்கார வைத்து ஒவ்வொரு குறிப்பையும் சரிபார்த்துவிடுவேன். உன் குறிப்புகள் என்றால் அவர் இரண்டு இடத்திலாவது திருத்தம் போடாமல் விடமாட்டார், தயாராக இரு.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்