நாடி ஊசியை நிலையத்துக்குள் எடுக்காதீர்கள்: மலையக அழகுக்கலை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் அழகுக்கலை நிலையம் நடத்தும் சகோதரிகளுக்கு,

வணக்கம். கல்யாணத்தன்று விடியுமுன்னே லயத்துக்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்கு அலங்காரம் செய்கிறவர்கள் நீங்கள். டொக்டரிடம் கேட்கத் தயங்குவதைக்கூட அவர்கள் உங்களிடம் கேட்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்: நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, தசையைத் தளர்த்தும் பொட்டொக்ஸ் ஊசி போடும் வேலையை நிலையத்தில் செய்யாதீர்கள்.

பேசும்போது நாடி தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாவது தோலின் குறையல்ல. அடியிலிருக்கும் மென்டாலிஸ் தசை இழுப்பதால் வருவது. நரம்பு அந்தத் தசைக்கு அனுப்பும் சைகையைப் பொட்டொக்ஸ் தடுக்கிறது. தசை தளர்ந்து தோல் சமமாகிறது. சில நாட்களில் தெரியத் தொடங்கி 3, 4 மாதம் நிற்கும். பலன் உண்மை. அதற்கு ஆசைப்படுவதும் தப்பில்லை.

ஆனால் கீழுதட்டை இறக்கும் தசை அதை ஒட்டியே இருக்கிறது. மருந்து கொஞ்சம் விலகினாலும் சிரிப்பு ஒரு பக்கம் கோணும், குடிக்கும் தேநீர் வாயோரம் வழியும். தோலுக்கடியில் ஏற்றி நிரப்பும் ஹயலூரோனிக் அமில ஃபில்லர் என்றால் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. பொட்டொக்ஸைக் கரைக்க எதுவுமில்லை. தானாகத் தேயும்வரை அந்தப் பிள்ளை அந்த முகத்தோடுதான் வேலைக்கும் கோயிலுக்கும் போகவேண்டும்.

மருந்தே எளிதானதல்ல. தூளாக வருவதை உப்புநீரில் கரைத்து அளக்கவேண்டும். ஒரு பிராண்டின் அலகு இன்னொன்றின் அலகுக்குச் சமமல்ல. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டும். யாரோ பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்த குப்பி வழியில் எப்படி இருந்ததென்று யார் சொல்வது? கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் போடக்கூடாது. தசைச்சோர்வு நோய் உள்ளவருக்கு ஆபத்து. இதையெல்லாம் விசாரித்துத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை.

யாராவது கேட்டால், இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியரிடம் அனுப்புங்கள். குப்பி தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையில் பதிவானதா என்று அங்கே கேட்கச் சொல்லுங்கள். அந்த அதிகார சபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்றே அமைந்தது.

ஏற்கெனவே போட்டுக்கொண்ட யாருக்காவது விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வாரங்கள் கழித்து வந்தாலும் அப்படித்தான். பழி வருமென்று குப்பியை எறிந்துவிடாமல் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நிலையங்களுக்கு மகளை அனுப்பும் ஒரு தாய்