லபூர்தொனேயை அவர் கட்டிய கட்டடத்துக்கே அனுப்புங்கள்

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் நகர சபை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பிளாஸ் தார்ம் சதுக்கத்தில் துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறாரே மாயே த லபூர்தொனே, அவர் சிலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வாரம் அந்தப் பீடத்தருகே நின்று தால்பூரி தின்றுகொண்டிருந்தேன். ஒரு வழிகாட்டி சுற்றுலாக் கூட்டத்திடம் "இந்த ஊரைக் கட்டியவர் இவர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார், அவ்வளவுதான் விளக்கம். மனுஷர் ஒரு கல்லையாவது தூக்கியிருப்பாரா என்று கையில் வழிந்த குழம்பைத் துடைத்தபடி யோசித்தேன்.

1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்தவர், துறைமுகமும் மருத்துவமனையும் அவர் காலத்தில்தான் எழுந்தன, மறுக்கவில்லை. ஆனால் உழைத்தவர்கள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவந்த அடிமைகள், கூடவே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் கொத்தனார்கள், தச்சர்கள். தப்பி ஓடிய அடிமைகளைக் காட்டில் தேடிப் பிடிக்க அடிமைகளையே ஏவியவரும் இவர்தான்.

"அவர்தான் நம்மை மரியாதையாக அழைத்து வந்தார், சிலையைத் தொடக் கூடாது" என்கிறார் என் பெரியப்பா. 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதும் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த தலைமுறை அவருடையது. இந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்கள் நாங்கள் என்பதுதான் அன்றைய வாதம், அந்த வாதத்துக்கு லபூர்தொனே வேண்டும். சரி, ஆனால் அப்படி வந்தவர்களில் கூலி வாங்கிய கொத்தனார் மட்டுமா இருந்தார்? அதே கரையிலிருந்து அடிமையாக விற்கப்பட்டு வந்தவர்களும் உண்டே, அவர்களைப் பற்றிப் பெரியப்பா வாயே திறக்க மாட்டார். அப்புறம், 1746இல் கப்பல்களோடு போய் சென்னையைப் பிடித்தவரும் இவர்தானே என்றேன். "அது இங்கிலீஷ்காரன் கோட்டைதானே" என்று சிரித்துவிட்டார். அதுவும் நியாயம்தான்!

நான் கேட்பது சின்ன விஷயம். துரூ ஃபன்ஃபரோன் பக்கம் அவர் காலத்து ராணுவ மருத்துவமனை இன்று அடிமை முறை அருங்காட்சியகமாக இருக்கிறது, சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சிலையை அங்கே வையுங்கள், பீடம் இல்லாமல், தரையில், அந்தக் கருங்கல் சுவருக்கு முன்னால். பார்க்க வருகிறவர் ஆளையும் பார்ப்பார், சுவரையும் பார்ப்பார். 1859இல், அவர் செத்து 106 ஆண்டு கழித்து, பிரிட்டிஷ் ஆட்சியில் வைத்த சிலை இது, அங்கேயே வேரூன்றி முளைத்ததல்ல. பக்கத்து ரியூனியன் தீவில், சாந்தெனி நகரில் இதே ஆளின் சிலையை இடம் மாற்றுவதென்று நகராட்சி சொன்னதும் பெரிய ரகளை ஆனது, அதைப் பார்த்து நீங்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

காலியாகும் இடத்தில் வேறு யாரையும் ஏற்ற வேண்டாம். தமிழ்க் கொத்தனாருக்கு ஒரு சிலை என்று எங்கள் ஆட்களே மனு தூக்கி வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பனைமர நிழலில் ரெண்டு பெஞ்சு போடுங்கள், நின்றுகொண்டு தால்பூரி தின்பது கஷ்டமாக இருக்கிறது.

இப்படிக்கு,
இந்த ஊரில் வரி கட்டும் ஒரு தமிழச்சி